சித்திரக்காரர் ரெனுவார்

பிரெஞ்சு தேசத்து லிமோஜ் நகரில் 1841-ஆம் ஆண்டிற் பிறந்த ஒகுஸ்த் ரெனுவார், இளமையிற் பாரிஸ் மாநகரில் பீங்கான் பாத்திரங்களுக்குச் சித்திரந் தீட்டிப் பிழைத்தவர். சித்திரக்காரராய்ப் புகழெய்திய பின்னர், ஐம்பது வயதளவிற் கீல்வாதம் அவரைப் பற்றியது. வெயிலை நாடித் தென்கடற்கரைக்குச் சென்று, 1907-இல் கான்யு என்னும் ஊரில் ஒலிவத் தோப்பொன்றை வாங்கி இல்லமமைத்தார்.

நோயோ தணிந்திலது. கால்கள் ஓயவே, சக்கர நாற்காலியே கதியாயிற்று. விரல்கள் உள்ளங்கை நோக்கி மடங்கின. தூரிகையைத் தாமே எடுக்கவியலாமையின், பிறர் அதனை அவர் விரலிடுக்கிற் செருகினர். கையிற் சுற்றிய துணி தூரிகையைப் பிணித்தற்கன்று; தோல் புண்படாமைப் பொருட்டேயாம். தீட்டியது அவர் கையே.

1919-இல் உயிர் நீங்குமளவும் அவர் ஓய்ந்திலர். அந்திமகாலத்து 'நீராடும் மகளிர்' படத்தில் வேதனையின் சுவடு சிறிதுமில்லை; வெயிலும் செழுமையுமே உள. தாம் பட்ட துன்பத்தைத் தம்மோடு நிறுத்திக்கொண்டு, கண்ட அழகை மட்டும் நமக்கு விட்டுச்சென்றார்.