எம். ஜே. கோபாலன்

மொரப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் (ஜூன் 6, 1909 – டிசம்பர் 21, 2003) தமிழகத்தைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் ஆவார். சென்னை மாகாணத்திலிருந்து தேர்வுத் துடுப்பாட்டத்தில் விளையாடிய முதல் வீரர் இவரே. துடுப்பாட்டம், ஹாக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய மிகச் சிலருள் ஒருவராகவும் அறியப்படுகிறார்.

இளமை

செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள மொரப்பாக்கத்தில் பிறந்தார். இவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் சென்னைத் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் சென்னையின் பெரிய துடுப்பாட்ட நிகழ்வு, பொங்கலையொட்டி இந்தியர் அணிக்கும் ஐரோப்பியர் அணிக்கும் சேப்பாக்கத்தில் நடைபெற்ற மாகாண ஆட்டமாகும். ஐரோப்பியர் தரப்பின் முக்கிய ஆட்டக்காரரான சி. பி. ஜான்ஸ்டன், கோபாலனின் திறமையைக் கண்டறிந்து பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலை பெற்றுத் தந்தார். விளையாட்டால் வருமானம் கிடைக்காத அந்நாளில், வேலைதான் ஒருவர் தொடர்ந்து ஆட முடியுமா என்பதைத் தீர்மானித்தது.

தேர்வுத் துடுப்பாட்டம்

டக்ளஸ் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கெதிராக 1934 சனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் நடந்த ஆட்டத்தில் இவர் அறிமுகமானார். இந்திய அணிக்கு சி. கே. நாயுடு தலைவராக இருந்தார். கோபாலன் 1 விக்கெட்டைக் கைப்பற்றினார். அடுத்த ஆட்டம் பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. சென்னையில் நடந்த முதல் தேர்வு ஆட்டம் அது; ஆயினும் சொந்த ஊர்க்காரரான கோபாலனுக்கு அணியில் இடமில்லை. கல்கத்தா ஆட்டமே இவரது ஒரே தேர்வு ஆட்டமாக அமைந்தது.

ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்து

அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் ரஞ்சிக் கோப்பைப் போட்டிகள் தொடங்கின. சேப்பாக்கத்தில் மைசூர் அணிக்கெதிராக ஜான்ஸ்டன் தலைமையில் சென்னை அணி ஆடியது. ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். எதிர்கொண்டவர் மைசூரின் என். கர்ட்டிஸ். மைசூர் 48, 59 என இரண்டு இன்னிங்சிலும் சுருண்டதால் ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. 11 விக்கெட்டுகள் வீழ்த்திய ஏ. ஜி. ராம்சிங்கே அன்றைய நாயகன் என்றாலும், முதல் பந்தின் பெருமை கோபாலன் பெயருடன் நிலைத்துவிட்டது.

1936-ஆம் ஆண்டின் முடிவு

ஹாக்கியில் கோபாலன் நடுவரிசைத் தடுப்பாட்டக்காரர். 1935-இல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். அதனால் 1936 பெர்லின் ஒலிம்பிக் அணியிலும் இவருக்கு வாய்ப்பிருந்தது. அதே கோடையில் இங்கிலாந்து செல்லும் துடுப்பாட்ட அணிக்கும் அழைப்பு வந்தது. இரண்டில் ஒன்றையே ஏற்க முடியும். கோபாலன் துடுப்பாட்டத்தைத் தேர்ந்தார்.

விஜயநகரம் மகாராஜகுமாரர் தலைமையில் சென்ற அந்த அணி பூசல்களால் சிதைந்திருந்தது. லாலா அமர்நாத் ஒழுங்கு நடவடிக்கையாகப் பாதியிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று தேர்வு ஆட்டங்களில் இரண்டில் இந்தியா தோற்றது. கோபாலன் ஒன்றில்கூடக் களமிறக்கப்படவில்லை. உடன் சென்ற மற்றொரு சென்னைக்காரரும், டேவிஸ் கோப்பை டென்னிஸ் வீரருமான கோட்டா ராமஸ்வாமி தமது நாற்பதாம் வயதில் இரு ஆட்டங்களில் ஆடினார் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

பெர்லினில் ஹாக்கி இறுதியாட்டம் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் ஆகஸ்ட் 15 அன்று நடைபெற்றது. இந்தியா ஜெர்மனியை 8–1 எனத் தோற்கடித்துத் தங்கம் வென்றது. இலண்டன் ஓவலில் மூன்றாம் தேர்வு ஆட்டம் தொடங்கியதும் அதே நாளில்தான். அதிலும் கோபாலன் ஆடும் பதினொருவரில் இல்லை. பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. இந்தியா 1946 வரை தேர்வு ஆட்டம் எதுவும் ஆடவில்லை. அதற்குள் இவருக்கு வயது 37 ஆகிவிட்டது.

பிற்காலம்

கோபாலன் சென்னை அணிக்காகத் தொடர்ந்து ஆடினார், அணித்தலைவராகவும் இருந்தார். இவரது கால் நூற்றாண்டு ஆட்டப்பணியைச் சிறப்பிக்க, சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பை 1952-53 பருவத்தில் தொடங்கப்பட்டது. 1982-இல் தேர்வு ஆட்டங்களுக்குள் நுழையும் வரை முதல்தர ஆட்டங்கள் அரிதாகவே கிடைத்த இலங்கை வீரர்களுக்கு இக்கோப்பை பெரிய களமாக விளங்கியது.

2003 அக்டோபர் இறுதியில் நியூசிலாந்தின் லிண்ட்சே வெயர் மறைந்தபின், உலகில் உயிருடன் இருந்த தேர்வு ஆட்டக்காரர்களுள் கோபாலனே மூத்தவரானார். அடுத்த இரு மாதங்களுக்குள், டிசம்பர் 21 அன்று, தமது 94-ஆம் வயதில் சென்னையில் காலமானார்.