அக்பர் சக்கரவர்த்தியும் அவர் ஏறிய விலங்குகளும்

செவிலிமேட்டு வாசிகளாகிய எங்களுக்கு, விஷ்ணுகாஞ்சி வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபம் பலகாலும் கண்டு பழகியதோரிடம். அதன் தூண்களில் வீரர் சிலர் குதிரைமீதும், சிலர் யாளிமீதும் ஆரோகணித்திருக்கின்றனர். யாளியை அடக்கி ஏறினவர் உலகில் எவருமிலர். அது சிற்பியின் மனத்தில் மட்டும் மேய்ந்த விலங்கு. ஆயினும், அம்மண்டபம் எழுந்த அதே பதினாறாம் நூற்றாண்டில், குதிரையோடு அமையாது ஒட்டகம், யானை முதலிய பெருவிலங்குகளையும் பழக்கி ஏறிய அரசர் ஒருவர் வடநாட்டில் இருந்தார். அவர்தாம் அக்பர்.

ஷேர்ஷாவிடம் தோற்று நாடிழந்து அலைந்த ஹுமாயூனுக்கு மகனாக, 1542-ஆம் ஆண்டில், சிந்து தேசத்துப் பாலைநிலத்தைச் சார்ந்த உமர்கோட்டில் இவர் பிறந்தார். பெற்றோரைப் பிரிந்து சிற்றப்பன்மாரின் ஆதிக்கத்தில் வளர நேர்ந்த இக்குழந்தையைப் பாலூட்டிப் பேணியவருள் ஒருவர் ஜீஜி அனகா என்னும் செவிலித்தாய். எங்கள் ஊர்ப் பெயரிலேயே செவிலி இருத்தலால், அவ்வம்மையாரின் பெயரைச் சொல்லாது விட மனம் வரவில்லை. அவருடைய கணவர் ஆத்கா கான். மகன் அஸீஸ் கோகா. காபூலில் ஆசிரியர் ஒருவர்பின் ஒருவராக அமர்த்தப்பட்டனர். பிள்ளையோ ஏட்டை நாடவில்லை. ஒட்டகங்களிடத்தும் குதிரைகளிடத்தும் புறாக்களிடத்துமே அவர் பொழுது கழிந்தது. எழுத்தறியாமலே 1556-ல், பதின்மூன்றாம் பிராயத்தில், அரியணை ஏறினார்.

அவ்வாண்டே பானிபட்டில் ஹேமுவை வென்றதனால் யானைகள் ஏராளமாகக் கிடைத்தன. மதங்கொண்ட யானையாயினும், அதன் தந்தத்தின்மீது கால்வைத்துத் தாவிப் பிடரியில் அமர்வது அக்பரின் வழக்கமாயிற்று. 1561-ல் ஆக்ராக் கோட்டைப்புறத்தே ஹவாயி என்னும் பொல்லாத யானைமீதேறி, ரண் பாகா என்னும் மற்றொரு யானையோடு அதனைப் பொரவிட்டார். தோற்ற யானை யமுனையின் ஓடப்பாலத்தின்மேல் ஓடிற்று, வென்றது துரத்திற்று. இரண்டின் பாரத்தால் ஓடங்கள் அமிழ்வதும் எழுவதுமாயின. ஏவலர் இருமருங்கும் நீரிற் குதித்து நீந்தினர். ஆத்கா கானோ தலைப்பாகையைக் களைந்துவிட்டுக் கைகூப்பிக் கதறினார். அப்போது அரசருக்குப் பிராயம் ஏறக்குறையப் பத்தொன்பது, மக்கட்பேறும் இல்லை. அவர் வீழ்ந்திருப்பின் ஐந்தாண்டு நிரம்பிய அவ்வரசு என்னவாகியிருக்கும்? இதனை வீரம் என்று புகழ்வார் பலர்; எனக்கோ ஆத்கா கானின் கண்ணீரே நியாயமாகத் தோன்றுகிறது. தாம் அறிந்து இறைவன் திருவுளத்துக்கு மாறாக நடந்திருப்பின் அவ்யானையே தம்மை முடித்துவிடட்டும் என்று கருதி ஏறியதாக, அக்பர் பின்னாளில் அபுல் பஸலிடம் கூறினாராம். பாசவன், சேதர் என்னும் ஓவியர் இருவர் தீட்டிய இந்நிகழ்ச்சியின் படம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் உள்ளது.

மறு ஆண்டே ஆத்கா கான் அரண்மனையில் கொலையுண்டார். 1573-ல் அவர் மகன் அஸீஸ் கோகா, கூர்ஜர நாட்டில் ஆமதாபாத் நகருள் பகைவரால் முற்றுகையிடப்பட்டார். செய்தி கேட்ட அக்பர், ஆகஸ்டு 23-ல், பதேபூர் சிக்ரியிலிருந்து விரைந்து செல்லும் பெண் ஒட்டகத்தின்மீது புறப்பட்டார். மழைக்காலம், ஏறக்குறைய 600 மைல் வழி. இடையிடையே ஒட்டகம் விட்டுக் குதிரையேறியும், குதிரை விட்டு வேறு ஊர்தி ஏறியும், பதினோராம் நாளாகிய செப்டம்பர் 2-ல் ஆமதாபாத்துக்கு வெளியே போர் தொடுத்தார். உடன் சென்றோர் 3,000 பேர். எதிரிகள் 20,000 பேர் எனச் சரித்திரக்காரர் கூறுவர். அரசர் ஆக்ராப் பக்கத்திலிருந்து அதற்குள் வந்திருத்தல் கூடாது என்று பகைவர் நம்ப மறுத்தனர். செவிலியின் மகன் மீட்கப்பட்டார். காபூலில் ஏட்டை விட்டு ஒட்டகத்தை நாடிய அப்பழக்கமன்றோ இங்கே உதவியது!

இவருடைய லாயங்களில் 12,000 குதிரைகள் வரை நின்றன என்பது ஐனி அக்பரி தரும் கணக்கு. ஒட்டகத்துக்கு எண்ணெய் தடவும் முறை, கோவேறு கழுதையின் தீனி, விலங்கு இறப்பின் காவலாளர் இறுக்கும் தண்டம் ஆகிய யாவும் அந்நூலில் விதிகளாக உள்ளன. இரவிலும் குதிரைமேலிருந்து பந்தாடுதற்பொருட்டுப் புரச மரத்தாற் செய்த பந்தைக் கொளுத்தி உருட்டுவித்தார். நூல்களைப் பிறர் படிக்கக் கேட்பதே அவர் கல்வி. 1605 அக்டோபரில் ஆக்ராவில் காலமானார். சமாதி அந்நகரை அடுத்த சிகந்தராவில் உள்ளது.