வைணிகர் காரைக்குடி சாம்பசிவ ஐயர்

குழலின் ஓசை மூச்சுள்ளளவும் நிற்கும். பிடிலின் ஓசை வில் ஓடுமளவும் நிற்கும். மீட்டிய தந்தியின் ஒலியோ பிறந்த கணந்தொட்டே தேயத் தொடங்குகின்றது. அத்தகைய ஒலியைக் கொண்டு, முன்னரே வகுத்திராத நெடிய இசைத்தொடரை இடையறாது நடாத்துவது அரிய செயலன்றோ? அமெரிக்க ஜாஸ் இசைவாணர் பலர் கிட்டாரின் தந்தியை ஒரு சிறு தகட்டினால் கீழும் மேலுமாக மாறி மாறித் தட்டி இதனை முடிக்கின்றனர். நம் நாட்டில் இரு விரல்களால் முடித்துக் காட்டியவருள் சாம்பசிவ ஐயர் தலைசிறந்தவர்.

இவர் 1888-ஆம் ஆண்டு புதுக்கோட்டையைச் சார்ந்த திருக்கோகர்ணத்தில், தலைமுறை தலைமுறையாய் வீணை பயின்ற குடியிற் பிறந்தார். தந்தையாரே ஆசிரியர். தமையனார் சுப்பராமையர் இவரினும் ஐயாண்டு மூத்தவர். காரைக்குடியில் வாழ்ந்தமையால் அவ்வூர்ப் பெயரே இருவர்க்கும் அடைமொழியாயிற்று. அரங்கில் மூத்தவர் வீணையை நிமிர்த்திப் பிடிப்பார். இளையவர் கிடத்தி வாசிப்பார். இருக்கை வேறாயினும் இசை ஒன்றேயாய் ஒலித்தது.

இவர்தம் பெருமையெல்லாம் தானத்திற் காணலாம். இராக ஆலாபனைக்குப்பின் வரும் தானத்திற்குத் தாளக்கட்டு இல்லை. எனினும் உள்ளே ஒரு நடை துடித்துக்கொண்டே செல்லும். வலக்கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட, சிறுவிரல் பக்கத்துள்ள மூன்று தாளத்தந்திகளைத் தொட்டு அந்நடையைக் காத்துநிற்கும். இரு விரல்களுள் ஒன்று மெலிந்தாலும் தொடர் நொண்டும். அதனாற்றான் இக்குடியினர் சாதகத்தில் அத்துணைக் கடுமை காட்டினர் போலும்! ஒவ்வொரு சுரத்தையும் மீட்டவும் வேண்டுவதில்லை. இடக்கை தந்தியை இழுத்த இழுப்பிலேயே ஒரு மீட்டிற் பல சுரங்கள் பிறக்கும். எதனை மீட்டுவது, எதனை இழுப்பில் விடுவது என்பதை வாசிக்கும்பொழுதே தெரிந்துகோடல் வேண்டும். எம் தேவாரத்துக்கு அணித்தான போடிநாயக்கனூரினின்று போடிமெட்டுக்கு நடந்து ஏறினார்க்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு வளைவும் பாதையின் முடிவுபோற் றோன்றி அடுத்த வளைவைக் காட்டும். ஓடுவோன் இளைப்பான், இரு காலும் ஒரு நிதானத்தில் மாறி வைப்போனே ஏலக்காட்டை எய்துவான்.

பின்னர்ச் சுப்பராமையர் காலஞ்சென்றார். இரண்டு வீணை ஒன்றாய் ஒலித்த அரங்கில் ஒன்று அவிந்தது. இளையவர், தமையனார் தொடுத்த தொடரைத் தாம் வாங்கி நீட்டியும், தாம் தொடுத்ததை அவர்க்கு விடுத்தும் பழகியவர்; இனி முழுத்தொடரையும் தாமே தாங்கவேண்டியவரானார். தாங்கவும் செய்தார். 1952-இல் சென்னைச் சங்கீத வித்வத் சபை அவர்க்குச் சங்கீத கலாநிதி என்னும் பட்டம் அளித்தது. பிற்காலத்திற் கலாக்ஷேத்திரத்தில் வீணையாசிரியராய் அமர்ந்தார்.

குழந்தைப் பருவத்திலேயே இவரிடம் வந்து குருகுலவாசம் செய்தவர் இரங்கநாயகி இராசகோபாலன். 1958-இல் ஐயர் மறைந்தபின், அத்தானம் அவ்வம்மையாரின் விரல்களில் மேலும் பல்லாண்டு ஒலித்தது.