கோகலேயும் பொதுப் பணமும்

விரிஞ்சிபுரத்தின் பெருமையைச் சொல்ல வந்த நம் முன்னோர் அவ்வூரின் மதிலழகைத்தான் முதலில் சொன்னார்கள். மார்க்கபந்தீசுவரர் ஆலயத்தின் அந்த மதிலைப் பாலாற்றங்கரையில் இன்றும் காணலாம். தெய்வத்திற்கு மதில் எழுப்பப் பொருள் தேடிக்கொண்ட நாடு இது. ஆனால் அதே நாட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திற்கு நான்கு சுவர் வேண்டும் என்று கேட்டால் இரண்டு பதில்கள் வருவது வழக்கமாயிருக்கிறது. பணமில்லை என்பது சர்க்காரின் பதில். சர்க்காரே கொடுக்கட்டும் என்பது ஜனங்களின் பதில். இந்த இரண்டையும் நேருக்கு நேர் எதிர்த்து நின்றவர் கோபால கிருஷ்ண கோகலே. உள்ளூர்க் கணக்கிலும் ராஜ்யக் கணக்கிலும் கல்விக்கு எவ்வளவு ஒதுக்குவது என்ற விவாதம் எழும்போதெல்லாம் அன்னாரது சரித்திரத்தை நினைவுகூர்வது நம் கடமை என்று கருதுகிறோம்.

1866-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி, ரத்னகிரி ஜில்லாவிலுள்ள கோட்லுக் என்னும் சிற்றூரில் கோகலே பிறந்தார். 1879-ல் தந்தையார் காலமானார். தமையனார் தம் படிப்பை நிறுத்திவிட்டு மாதம் 15 ரூபாய் சம்பளத்தில் வேலைக்கு அமர்ந்து, அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்பிற்கு அனுப்பி வந்தார். மிகுந்த 7 ரூபாயில் குடும்பம் நடந்தது. ஒரு பிள்ளை படிப்பதற்கு மற்றொருவர் எதை இழக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கோகலே புத்தகத்தில் படித்து அறியவில்லை. தம் வீட்டிலேயே கண்டார். பிற்காலத்தில் சட்டசபையில் சம்பளமில்லாக் கல்விக்கு அவர் வாதாடியதன் வேர் இங்கே இருக்கிறது.

1884-ல், 18-ம் வயதில், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். வக்கீல் தொழிலுக்கோ சர்க்கார் உத்தியோகத்திற்கோ போயிருந்தால் செல்வம் சேர்ந்திருக்கும். வக்கீல் தொழிலின் கவர்ச்சி எத்தகையது என்பதை அத்தொழிலிலுள்ள நாம் நன்கறிவோம். அவரோ புனாவில் தக்ஷிணக் கல்விச் சங்கத்தில் சேர்ந்து, மாதம் 75 ரூபாய் சம்பளத்தில் இருபது வருஷம் உழைப்பதாக வாக்களித்தார். பெர்குஸன் கல்லூரியில் போதித்தார். கணித பாடப் புத்தகமும் எழுதினார். விடுமுறை நாட்களில் கல்லூரிக் கட்டிட நிதிக்காக ஊர் ஊராகச் சென்று பணம் திரட்டினார். எத்தனை வாசல்களில் ஏறி இறங்கினால் ஒரு கட்டிடம் எழும்பும் என்பது அவருக்கு அனுபவ பூர்வமாகத் தெரியும்.

ராஜ்யக் கணக்குகளை ஆராயும் வித்தையை மகாதேவ கோவிந்த ரானடேயிடம் பயின்றார். ரானடே கடுமையான குரு. ஆதாரமில்லாத ஒரு எண்ணையும் ஏற்க மாட்டார். அந்தப் பயிற்சியின் பலன் 1897-ல் லண்டனில் வெல்பி கமிஷன் முன் தெரிந்தது. இந்தியாவின் செலவுகளை விசாரித்த அந்தக் கமிஷனில் முப்பது வயதுப் புனா ஆசிரியர் குறுக்கு விசாரணைக்கு அசையாமல் சாட்சி சொன்னார்.

1902-ம் வருஷம் மார்ச்சு மாதம் 26-ந் தேதி, வைசிராயின் சட்டசபையில் கோகலே தமது முதல் பட்ஜெட்டுப் பிரசங்கத்தைச் செய்தார். அவ்வருஷம் 7 கோடி ரூபாய் உபரி என்று சர்க்கார் பெருமிதம் கொண்டிருந்தது. பஞ்சத்தாலும் கொள்ளை நோயாலும் நாடு நலிந்திருக்கையில் கஜானா நிரம்புவது செழிப்பின் அடையாளமாகாது, அது தேவைக்கு மேல் வரி பிடுங்கியதன் அடையாளமே என்று அவர் கணக்கைக் கொண்டே நிலைநாட்டினார். ராணுவத்திற்குத் தாராளமாயிருந்த கை கல்விக்கு ஏன் சுருங்குகிறது என்று கேட்டார். வருஷந்தோறும் இக்கேள்வியை விடாது கேட்டார். மணங்குக்கு இரண்டரை ரூபாயாயிருந்த உப்பு வரி 1903-ல் 2 ரூபாயாகவும், 1905-ல் ஒன்றரை ரூபாயாகவும், 1907-ல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது. இதில் அன்னாரது பிரயாசைக்குப் பெரும் பங்குண்டு.

கல்வியின் நிலையோ பரிதாபகரமாயிருந்தது. ஐந்து கிராமங்களில் நான்கில் பள்ளிக்கூடமில்லை, நான்கு சிறுவர்களில் மூவர் கல்வியின்றி வளர்கின்றனர், சிறுமிகளில் நாற்பதில் ஒருத்தியே பள்ளி செல்கிறாள் என்று 1904-ல் இந்திய சர்க்காரே ஒப்புக்கொண்டது. 1910 மார்ச்சில் இலவசக் கட்டாய ஆரம்பக் கல்விக்காகக் கோகலே தீர்மானம் கொண்டுவந்தார். சர்க்கார் கவனிப்பதாகச் சொல்லவே அதைத் திரும்பப் பெற்றார். கவனிப்பு போதாதென்று கண்டு 1911-ம் வருஷம் மார்ச்சு 16-ந் தேதி மசோதாவாகவே சமர்ப்பித்தார்.

அம்மசோதா மிக நிதானமானது. எந்த ஊர் மீதும் கட்டாயத்தைத் திணிக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட விகிதப் பிள்ளைகள் ஏற்கெனவே படிக்கும் இடங்களில், நகரசபையோ ஜில்லா போர்டோ விரும்பினால், சர்க்காரின் அனுமதியுடன் 6 முதல் 10 வயதுச் சிறுவர்களுக்குக் கட்டாயக் கல்வி ஏற்படுத்தலாம். சிறுமிகளுக்குப் பிறகு விஸ்தரிக்க இடம் வைத்தார். அதை முதலிலேயே செய்யாதது ஒரு குறையே. செலவில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருடையது, ஒரு பங்கு ஸ்தல ஸ்தாபனத்தினுடையது. அதற்காக ஸ்தல ஸ்தாபனம் கல்வி வரி போடலாம். மாதம் 10 ரூபாய்க்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைக்குச் சம்பளமில்லை.

சர்க்கார் எதிர்த்ததில் ஆச்சரியமில்லை. காலம் கனியவில்லை, ஜனங்கள் கேட்கவில்லை, பணத்திற்கு வழியில்லை என்றனர். ஆனால் நம்மவரிலும் பலர் பின்வாங்கினர். சிலருக்குக் கட்டாயம் பிடிக்கவில்லை. சிலருக்குப் புது வரி பிடிக்கவில்லை. குடியானவன் வீட்டுப் பையன் படித்துவிட்டால் வயலில் வேலை செய்வது யார் என்று அஞ்சியவர்களும் உண்டு. கல்வி வரியை விட்டுவிட்டு முழுப் பொறுப்பையும் சர்க்காரின் தலையில் போட்டிருந்தால் கோகலேக்குக் கைதட்டல் அதிகம் கிடைத்திருக்கும். அவர் அந்த எளிய வழியை நாடவில்லை. தன் பிள்ளையின் பள்ளிக்குத் தானும் கொடுக்கும் ஊருக்கே அதைக் கேள்வி கேட்கும் உரிமை வலுப்படும் என்பது அவர் கொள்கை. மாளவியாவும் ஜின்னாவும் துணை நின்றனர். 1912 மார்ச்சில் ஓட்டெடுத்தபோது மசோதாவுக்குச் சாதகம் 13, பாதகம் 38. தோல்வி நிச்சயமென்று அறிந்தே அவர் போராடினார். மூன்று வருஷங்களுக்குள், 1915 பிப்ரவரி 19-ந் தேதி, 48-ம் வயதில் காலமானார்.

மசோதா தோற்றது, கொள்கை தோற்கவில்லை. 1918-ல் விட்டல்பாய் படேல் பம்பாயில் அதே அடிப்படையில் சட்டம் செய்வித்தார். 1920-ல் சென்னை மாகாணத்தின் ஆரம்பக் கல்விச் சட்டம் கல்வி வரிக்கு இடமளித்தது. 1950-ல் அரசியல் சாசனம் பத்து வருஷத்திற்குள் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயல வேண்டுமென்றது. 2002-ல் திருத்தம் அதை அடிப்படை உரிமையாக்கியது. 2009-ல் சட்டம் பிறந்து 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. 38 பேர் மறுத்ததை நாடு ஏற்க 98 வருஷம் சென்றது. இடையில் எழுத்தறியாமல் மாண்டவர்களின் கணக்கு எந்தப் பட்ஜெட்டிலும் எழுதப்படவில்லை.

நமது தோல் வட்டாரத்தில் தர்மவான்களுக்குக் குறைவில்லை. வாணியம்பாடி வர்த்தகர்களின் உதாரத்தால் 1919-ல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது, அதை வணங்குகிறோம். ஆனால் தோல் மண்டி இல்லாத கிராமத்திற்கு வள்ளல் எங்கிருந்து வருவார்? அங்கே பொதுப் பணமே வள்ளல். ஆகவே கிராம சபையில் வரவு செலவு வாசிக்கப்படும் தினத்தில் நாம் வீட்டிலிருக்கலாகாது. பள்ளிக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று, சுவர் எங்கே, கூரை எங்கே என்று எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்போமாக. நம் பங்கு வரியைச் செலுத்திவிட்டுக் கேட்போமாக. கோகலேக்கு நாம் செய்யக்கூடிய சிராத்தம் அதுவே.