தன் உடலையே சோதனைச்சாலை ஆக்கிய விஞ்ஞானி!

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. குமாரலிங்கபுரம் போன்ற ஊர்களில் தண்ணீர் வேண்டுமானால் கிணற்றை ஆழமாகத் தோண்ட வேண்டும். பாழாய்க் கிடந்த கிணற்றில் தூர் எடுக்க இறங்கும் முன், விளக்கு ஒன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டுப் பார்ப்பது நம் நாட்டுப் பழைய வழக்கம். விளக்கு அணைந்தால், கீழே நல்ல காற்று இல்லை என்று பொருள். இறங்கியவர் உயிரோடு திரும்புவது அரிது.

அந்த விளக்கு செய்யும் வேலையைத் தம் உடலைக் கொண்டு செய்தார் ஒருவர். சுரங்கத் தொழிலாளிக்காகவும், கடலில் மூழ்குபவனுக்காகவும் கெட்ட காற்றைத் தாமே சுவாசித்துப் பார்த்தார். அவர்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியப் பிரஜையாக மறைந்த விஞ்ஞானி.

தந்தை காட்டிய வழி

ஹால்டேன் 1892ம் ஆண்டு நவம்பர் 5ந் தேதி ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேனும் பெரிய விஞ்ஞானி. மனிதன் எப்படி மூச்சு விடுகிறான் என்பதை ஆராய்ந்தவர். நிலக்கரிச் சுரங்கங்களில் விஷக் காற்றைக் கண்டறியச் சிறு பறவைகளைக் கூண்டில் கொண்டு போகலாம் என்று சொன்னவர் அவரே. பறவை முதலில் மயங்கும். அதைக் கண்டு மனிதன் வெளியே ஓடிவிடலாம்.

தந்தை ஒரு நாள் மகனைச் சுரங்கத்துக்கு அழைத்துப் போனார். ஓர் இடத்தில் நிற்க வைத்து, ஷேக்ஸ்பியர் நாடக வசனத்தைச் சொல்லச் சொன்னார். சிறுவன் சொல்லத் தொடங்கினான். சிறிது நேரத்தில் மூச்சு வாங்கியது. கால்கள் தளர்ந்து கீழே விழுந்தான். தரையில் விழுந்ததும் தெளிந்தது!

காரணம் என்ன? அங்கிருந்த சுரங்க வாயு காற்றைவிட இலேசானது. அது மேலே நின்றது. தரையை ஒட்டி நல்ல காற்று இருந்தது. கிணற்றில் சேரும் கரியமிலவாயுவோ காற்றைவிடக் கனமானது. அது அடியில் தங்கும். ஆகவே சுரங்கத்தில் விழுந்தவன் பிழைத்தான். கிணற்றில் விழுந்தவன் பிழைப்பது கடினம்.

விளக்கு எரிந்தாலும் முழுக்க நம்பிவிடக் கூடாது. விளக்கை அணைக்காத விஷ வாயுக்களும் உண்டு. தீப்பற்றும் வாயுவும் உண்டு. ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க அடுத்தவர் அப்படியே இறங்குவது இரண்டு உயிருக்கும் ஆபத்து. தீயணைப்புப் படையை அழைப்பதே நல்லது.

நனைந்த சிறுவன்

1906ம் ஆண்டு. கடலில் மூழ்குபவர்கள் மேலே வரும்போது நோய்ப்பட்டு இறப்பது ஏன் என்று தந்தை ஆராய்ந்து கொண்டிருந்தார். ஸ்காட்லாந்துக் கடலில் சோதனை நடந்தது. 13 வயது மகனும் மூழ்க ஆசைப்பட்டான். தந்தை தடுக்கவில்லை.

பெரியவர்கள் அணியும் உடுப்பைச் சிறுவனுக்கு மாட்டினார்கள். அது தொளதொள என்று இருந்தது. மணிக்கட்டு ஓரத்தில் இறுக்கமாகப் பொருந்தவில்லை. அந்த இடைவெளி வழியாகக் கடல் நீர் கசிந்து உள்ளே ஏறியது. அவனை மேலே தூக்கியபோது குளிரில் நடுங்கிக் கொண்டிருந்தான்.

மூழ்குபவன் சிறிது சிறிதாக, இடையிடையே நின்று மேலே வரவேண்டும் என்ற கணக்கைத் தந்தை 1908ம் ஆண்டில் வெளியிட்டார். உலகெங்கும் பல உயிர்களை அது காப்பாற்றியது.

முதல் உலக யுத்தத்தில் ஹால்டேன் போர்வீரர் ஆனார். 1915ம் ஆண்டு ஜெர்மானியர் குளோரின் என்ற விஷப்புகையை விட்டார்கள். தந்தையும் மகனும் அந்தப் புகை நிறைந்த அறைக்குள் புகுந்தார்கள். முகமூடி போட்டும், போடாமலும் சுவாசித்துப் பார்த்தார்கள். பிறகு அவர் போர்முனைக்குத் திரும்பிக் குண்டடி பட்டார்.

யுத்தம் முடிந்ததும் கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் ஆசிரியராக இருந்தார். பெற்றோரின் குணங்கள் பிள்ளைகளுக்கு வருவதைக் கணிதத்தால் விளக்கிப் பெரும் புகழ் பெற்றார்.

99 பேரைப் பலி கொண்ட பெயிண்டு

1939ம் ஆண்டு ஜூன் 1ந் தேதி ஒரு பயங்கர விபத்து நடந்தது. "தெட்டிஸ்" என்ற புதிய பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் அருகே வெள்ளோட்டம் சென்றது. கப்பலில் 103 பேர் இருந்தார்கள். அவர்களில் பலர் கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளிகள்.

டார்பிடோ குண்டு விடும் குழாய்க்கு இரண்டு கதவுகள். ஒன்று கடலைப் பார்த்தது. மற்றது கப்பலுக்குள் இருப்பது. குழாயில் நீர் இருக்கிறதா என்று பார்க்க உள்கதவில் ஒரு சிறு திருகு உண்டு. அதைத் திறந்தால் நீர் பீச்ச வேண்டும். அன்று நீர் வரவில்லை. குழாய் காலி என்று நினைத்து உள்கதவைத் திறந்தார்கள். ஐயோ! வெளிக்கதவு திறந்தே கிடந்தது. கடல் உள்ளே பாய்ந்தது.

சோதனைத் திருகின் துளையைப் பெயிண்டு அடைத்திருந்தது. அதனால்தான் நீர் வரவில்லை!

கப்பலின் மூக்கு கடலடியில் குத்தி நின்றது. வால் நீருக்கு மேலே தெரிந்தது. 4 பேர் மட்டுமே தப்பினார்கள். மற்ற 99 பேரும் மாண்டார்கள்.

இறந்த தொழிலாளிகளின் சங்கங்கள் ஹால்டேனை நாடின. அவர் காகிதத்தில் கணக்குப் போட்டு நிற்கவில்லை. நான்கு தோழர்களுடன் ஒரு சிறிய இரும்பு அறைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். மூச்சு விட விடக் கரியமிலவாயு பெருகியது. தலை வலித்தது. இரைப்பு வந்தது. கப்பலில் இருந்தவர்கள் எப்படி வலுவிழந்து போயிருப்பார்கள் என்பது தெரிந்தது.

அதன் பிறகு கப்பற்படைக்காகப் பல சோதனைகள் செய்தார். அழுத்தம் மிகுந்த அறையில், பனிக்கட்டி மிதக்கும் நீரில் படுத்தார். ஆழத்தில் தூய பிராணவாயுவே விஷமாகும் என்பதைத் தம் உடலில் சோதித்தார். ஒரு சோதனையில் வலிப்பு வந்து முதுகெலும்பு நொறுங்கியது. அந்த வலி வெகுகாலம் விடவில்லை. செவிப்பறையும் கிழிந்தது. அதை அவர் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். புகை பிடிக்கும்போது காது வழியாகப் புகை விடுவாராம்!

சைக்கிள் கடைப் பாடம்

இன்று கடலில் மூழ்குபவர்கள் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொள்கிறார்கள். நிறைந்த சிலிண்டரில் அழுத்தம் சுமார் 200 மடங்கு. கார் டயரில் உள்ளதைப்போல ஏறக்குறைய 90 மடங்கு! ஆகவே சிறு கசிவும் பெரிய விஷயம்.

கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி? சைக்கிள் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்ப்பார் அல்லவா? அதே வழிதான். நீரில் அமுக்குவார்கள். அல்லது மூடித் திருகின் மேல் சோப்பு நீரைத் தடவுவார்கள். குமிழி வந்தால், பெரும்பாலும் தேய்ந்துபோன ரப்பர் வளையமே குற்றவாளி. அதை மாற்ற வேண்டும்.

கடலிலிருந்து வந்ததும் நல்ல நீரில் கழுவ வேண்டும். காற்றை முழுக்கத் தீர்த்துவிடக் கூடாது. கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான் ஈரம் உள்ளே புகாது; துரு பிடிக்காது. காற்று அடைக்கும் இயந்திரத்தின் வாய்க்கு எஞ்சின் புகை எட்டக் கூடாது. பிராணவாயு உள்ள கருவியில் எண்ணெய் படக் கூடாது, பட்டால் தீப்பிடிக்கும்.

சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சிலிண்டரில் நீர் நிரப்பி, மிகுந்த அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். ஏன் நீர்? காற்றை நிரப்பிச் சோதிக்கும்போது சிலிண்டர் உடைந்தால் வெடிகுண்டு போலச் சிதறும். நீர் அப்படிச் சிதறாது.

எல்லாவற்றுக்கும் மேலானது தெட்டிஸ் தந்த பாடம். சோதிக்கும் திருகையும் சோதிக்க வேண்டும்! அந்த விபத்துக்குப் பிறகு நீர்மூழ்கிக் கப்பல்களில், உள்கதவு முதலில் சிறிதளவே திறக்கும்படி ஒரு கொக்கி பொருத்தினார்கள். அதற்குத் தெட்டிஸ் கொக்கி என்றே பெயர்.

வேட்டி கட்டிய வெள்ளையர்

முதல் யுத்தத்தில் மெசபடோமியாவில் காயம்பட்ட ஹால்டேன், சிகிச்சைக்காக இந்தியா வந்தார். ஆளும் சாதியாக அல்ல, சமமான மனிதனாக இங்கே வாழ வேண்டும் என்ற ஆசை அப்போதே எழுந்தது. சூயஸ் கால்வாய் விஷயத்தில் பிரிட்டன் எகிப்தைத் தாக்கியது அவருக்குப் பிடிக்கவில்லை. 1957ம் ஆண்டு மனைவி ஹெலனுடன் கல்கத்தாவுக்கு வந்துவிட்டார். அங்கே இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணி செய்தார். வேட்டி, குர்தா அணிந்தார். சைவ உணவு உண்டார். 1961ம் ஆண்டில் இந்தியப் பிரஜை ஆனார்.

பிறகு ஒரிசா சர்க்காரின் ஆதரவில் புவனேசுவரத்தில் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார். புற்றுநோய் அவரைப் பிடித்தது. 1964ம் ஆண்டு டிசம்பர் 1ந் தேதி அவர் காலமானார்.

அவருடைய விருப்பப்படி, உடல் ஆந்திராவில் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது. மாணவர்கள் அதை வைத்துப் பாடம் படிக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. உயிரோடு இருந்தபோது சோதனைக்குக் கொடுத்த உடல், உயிர் போன பிறகும் படிப்புக்கு உதவியது.