காவலூர் கண்ட வைணு பாப்பு

வானியல் ஆய்வுக்குக் கூரிய கருவி மட்டும் போதாது. தெளிந்த வானும் வேண்டும். அத்தகைய வானைச் சவ்வாது மலையில் தேடிக் கண்டவர் மணாலி கல்லாட் வைணு பாப்பு. இந்தியாவில் தற்கால வானியற்பியலுக்கு அடித்தளமிட்ட அவர், 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியமையால், இளமையிலேயே விண்மீன்கள் அவருக்கு அறிமுகமாயின.

உயர்கல்விக்காக அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்ற பாப்பு, 1949இல் ஒளிப்படத் தட்டு ஒன்றில் புதிய வால்விண்மீனைக் கண்டறிந்தார். அது பாப்பு–போக்–நியூகிர்க் எனப் பெயர் பெற்றது. பின்னர் ஓலின் வில்சனுடன் இணைந்து, விண்மீனின் நிறமாலையில் தோன்றும் கால்சியம் கோட்டின் அகலத்திற்கும் அவ்விண்மீனின் உண்மையான ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். வில்சன்–பாப்பு விளைவு எனப்படும் இது, விண்மீன்களின் தொலைவைக் கணிக்கும் வழிகளுள் ஒன்றாயிற்று.

தாயகம் திரும்பி நைனிதாலில் பணியாற்றிய பாப்பு, 1960இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். சூரிய ஆய்வுக்குப் புகழ்பெற்ற இடம் அது. இரவு வானை ஆராய வேறோர் இடம் தேவை என அவர் உணர்ந்தார். நகர ஒளி தீண்டாத, தென்வானின் பெரும்பகுதியையும் காட்டும் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கு 1968இல், உள்நாட்டிலேயே உருவாக்கிய 38 செ.மீ. தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. 1972இல் ஜெர்மனியில் செய்யப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது.

அவ்வாண்டு ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடு ஒரு விண்மீனை மறைத்தது. காற்றில்லாத கோள் மறைத்தால் விண்மீனின் ஒளி சட்டென அறும். காற்றிருந்தால் படிப்படியாக மங்கும். காவலூரிலும் இந்தோனேசியாவிலும் நிகழ்ந்த நோக்கல்கள், கனிமீடில் மெல்லிய வளிமண்டலம் உண்டென்பதற்கு அறிகுறி காட்டின.

அத்துணைக்கோள் பின்னரும் வியப்பளித்தது. அதற்குச் சொந்தக் காந்தப்புலம் உண்டென 1996இல் கலிலியோ விண்கலம் கண்டறிந்தது. அதன் உள்ளகத்தில் உருகிய இரும்பு சுழன்றோடுவதே இதற்குக் காரணம் என அறிஞர் கருதுகின்றனர். மின்கடத்தும் நீர்மம் ஒரு சிறு காந்தப்புலத்தினூடே பாய்கையில் மின்னோட்டம் பிறக்கிறது. அம்மின்னோட்டம் அப்புலத்தை மேலும் வளர்க்கிறது. உருகிய சோடியத்தைக் குழாயினுள் சுழற்றி ஓட்டி, 1999இல் லாட்வியாவின் ரிகா நகருக்கு அருகிலுள்ள ஆய்வகத்தில் இக்கொள்கை மெய்ப்பிக்கப்பட்டது. தொலைவிலுள்ள கோளை உற்றுநோக்குவதும் அதன் இயல்பை ஆய்வகத்தில் சோதிப்பதும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன.

காவலூருக்கு 234 செ.மீ. தொலைநோக்கி ஒன்று வேண்டும் எனவும், அதனை இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்க வேண்டும் எனவும் பாப்பு உறுதி பூண்டார். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராக 1979இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரும் அவரே. எனினும் அத்தொலைநோக்கி முற்றுப்பெறுமுன், 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு 19 அன்று, தம் 55ஆம் அகவையில் மியூனிக் நகரில் காலமானார்.

உடன் உழைத்தோர் பணியைக் கைவிடவில்லை. 1986ஆம் ஆண்டு ஜனவரி 6 அன்று அத்தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. காவலூர் வானாய்வகமும் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியது. தாம் காண வாய்க்காத வானையும் அடுத்த தலைமுறை காணும்படி வழியமைத்துச் சென்றவர் அவர்.