பாட்டில்லாப் படமெடுத்த வீணைக் கலைஞர்

பதுளைத் தோட்டப் பாடசாலைகளில் பல்லாண்டு தமிழ் கற்பித்த நான், மாணவரை விவாதத்துக்கு அழைக்கும்போதெல்லாம் நாடுவது ‘அந்த நாள்’ படத்தின் கதையையே. அதனை இயக்கிய எஸ். பாலசந்தரின் வாழ்வும் வியப்புக்குரியது.

சென்னையில் 1927 சனவரி 18இல் பிறந்தவர் அவர். ‘சீதா கல்யாணம்’ படத்தில் தமையன் ராஜம் இராமனாகவும் தமக்கை ஜெயலட்சுமி சீதையாகவும் நடிக்க, இச்சிறுவர் இராவணன் சபையில் கஞ்சிரா வாசித்தார். வீணையைக் குருவின்றித் தாமே பயின்றார். அத்தகைய இசைவாணர், குரோசாவாவின் ‘ராஷோமோன்’ தந்த தூண்டுதலால், 1954இல் ஏவி.எம். நிறுவனத்துக்கு ஒரு பாடலேனும் இல்லாத படத்தை ஆக்கித் தந்தார்!

சென்னையில் குண்டு விழுந்த 1943ஆம் ஆண்டு. ராஜன் சுடப்பட்டு மாள்கிறான். தம்பி, தம்பி மனைவி, அண்டை வீட்டார் என ஒவ்வொருவர் கூற்றும் ஒவ்வொரு திசை காட்டுகிறது. முடிவில், நாட்டைக் காட்டிக்கொடுத்த அவனை வீழ்த்தியது மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே எனத் தெளிகிறோம்.

கணவனா, நாடா என்று நான் வினவினால், எந்த நாடு என்று மாணவர் திருப்பிக் கேட்பர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரானவர்களின் வழித்தோன்றல்கள் அல்லவா அவர்கள்! ஊவா மலைகளில் அவ்வினா வெறும் கதைவினா அன்று.

பிற்காலத்தில் வீணையிலேயே ஒன்றிய பாலசந்தர், 1982இல் பத்ம பூஷண் விருது பெற்றார். 1990 ஏப்ரல் 13இல் மறைந்தார். ‘அந்த நாள்’ வெளிவந்ததும் ஓர் ஏப்ரல் 13இலேதான். வெளிவந்தபோது வசூலில் தோற்ற அப்படம் இன்றும் வாழ்வதேன்? குற்றவாளியைக் காட்டிவிட்டு, தீர்ப்பை அது நம்மிடமே விட்டுச் செல்கிறது.